கடலுக்கு முதுகு காட்டிய ஏழு நாட்கள்

கலியாணமாகிப் பதினோராவது வருடம் என் மனைவி என்னிடம் ஒன்று கேட்டாள். நகையோ சேலையோ அல்ல. பிள்ளைகள் மூவரோடும் ஒரு கிழமை எங்கேயாவது போய் இருக்க வேண்டும், கடலில் இறங்கிக் குளிக்க வேண்டும், குளிக்கும்போது கரையிலிருந்து யாரும் தன்னைக் கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான்.

திருகோணமலையில் எங்கள் வீட்டு வாசலில் நின்றாலே துறைமுகம் தெரியும். இவள் கடலுக்குப் போக ஆசைப்படுகிறாளே என்று சிரித்தேன். சிரித்தது பிழை. எங்கள் வீட்டில் கடல் என்றால் தொழில். வருகிற கப்பல்களுக்கு மரக்கறி, இறைச்சி, முட்டை, வெங்காயம் எல்லாம் வள்ளத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வியாபாரம். வெள்ளைக்காரன் துறைமுகத்தை விட்டுப் போன பிறகு கப்பல்கள் குறைந்துவிட்டன. இருந்த கப்பலுக்கு மூன்று பேர் போட்டி. யாருடைய வள்ளம் முதலில் ஏணியடிக்குப் போகிறதோ அவனுக்குத்தான் கப்டன் சாமான் சீட்டைக் கொடுப்பார். அதனால் சோறு தின்னும்போதும் நான் வாசலைப் பார்த்துத்தான் இருப்பேன். நான் பார்க்காத நேரத்தில் அவள் பார்ப்பாள். புகைக்குழாயின் நிறத்தை வைத்தே எந்தக் கம்பெனிக் கப்பல் என்று இருவருக்கும் தெரியும். சமைத்தபடியே குசினி ஜன்னலில் நின்று "வருது" என்பாள். நான் பாதிச் சோற்றில் எழும்பி ஓடுவேன்.

குச்சவெளியில் எனக்குத் தெரிந்த வாத்தியார் ஒருவர் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போவதால் தன் வீட்டில் வந்து இருக்கச் சொன்னார். வீட்டுக்கு முன்னால் கடல். நானும் உடனே ஓம் என்றேன். இந்தியாப் பக்கமிருந்து திருகோணமலைக்கு வருகிற கப்பல்கள் அந்தக் கரையோரமாகத்தான் வரும். தூர இடங்களுக்குப் போகிறவை எட்டத்தில் நூல் போலத் தெரியும். இதை யோசிக்காமல்தான் ஓம் என்றேன் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. அவளும் நம்பவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டைக் கண்டதும் கடலை ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள்.

"கப்பலைப் பாக்காமல் இருக்க ஏலாதெண்டால் இப்பவே சொல்லுங்கோ. பஸ் இன்னும் நிண்டுகொண்டுதான் இருக்கு."

பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அவள் உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கி வந்து, வேலியைப் பார்க்கப் போட்டாள்.

அந்தக் கதிரையில்தான் என் விடுமுறை கழிந்தது. முன்னால் கிடுகு வேலி, ஒரு முருங்கை, பக்கத்து வீட்டு ஆடு. முதுகுக்குப் பின்னால் முழுக் கடல். மறியலில் கம்பிக்குள் இருக்கிறவனுக்கும் இதைவிட நல்ல காட்சி கிடைத்திருக்கும். மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று மணலை அள்ளி முகத்தில் போட்டது. பிள்ளைகள் தண்ணீரில் கத்துவது கேட்கும். எனக்கோ அதற்கும் அப்பால் ஒரு இயந்திரச் சத்தம் கேட்கிற மாதிரியே இருக்கும். தொழிலை அவளுடைய தம்பியிடம் விட்டு வந்திருந்தேன். தங்கமான பிள்ளை. ஆனால் துறைமுகத்துக்குள் நுழைந்த பிறகுதான் அவன் கண்ணுக்குக் கப்பல் தெரியும். அதற்குள் மற்ற இருவரும் ஏணியடியில் நிற்பார்கள். இன்றைக்குக் கடலில் என்ன கண்டாய் என்று சின்னவளிடம் நைசாகக் கேட்டேன். நண்டு என்றாள். அம்மா சொல்லிக் கொடுத்திருப்பாள் என்று விளங்கியது.

மனைவி வாசற்படியில் கடலைப் பார்த்தபடி இருந்து அரிசி புடைப்பாள், மீன் வெட்டுவாள். கொடுத்து வைத்தவள் என்று நினைத்தேன். ஏன் இன்னும் குளிக்கவில்லை என்று கேட்டால் நாளைக்கு என்பாள்.

ஐந்தாம் நாள் என்னால் ஏலாமல் போய்விட்டது. மீன் வாங்கப் போகிறேன் என்று சொல்லிக் கரைக்குப் போய், வலை இழுக்கிறவர்களிடம் விசாரித்தேன். முந்தாநாள் காலை ஒரு கப்பல் கரையை ஒட்டிப் போனதாம். வீட்டுக்கு வந்து ஆடிய ஆட்டத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. உன் கடல் குளிப்பால் என் பிழைப்பு போச்சுது என்றேன். அடுத்த பஸ்ஸில் போகிறேன் என்று சேட்டை மாட்டினேன்.

அவள் மீனை வெட்டிக்கொண்டே சொன்னாள்.

"மஞ்சள் புகைக்குழாய், கறுப்புப் பட்டி. முந்தாநாள் காலமை கண்டனான். உடன வந்த பஸ்ஸில கொண்டக்டரிட்டத் துண்டு எழுதித் தம்பிக்குக் குடுத்து விட்டனான். அவன்தான் முதல் போனவனாம். பின்னேர பஸ்ஸில மறுமொழி வந்திட்டுது."

நான் சேட்டுப் பொத்தானைப் பிடித்தபடி நின்றேன். இதற்காகத்தானா நீ குளிக்கவில்லை என்று கேட்டேன்.

"நான் பாத்துக்கொண்டு இருந்தால்தானே நீங்கள் பாக்காமல் இருப்பியள்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். நான் வேலியைப் பார்த்து இருந்த ஐந்து நாளும் அவள் எங்கள் வீட்டுக் குசினி ஜன்னலில்தான் நின்றிருக்கிறாள். அடுத்த நாளே இறங்கிக் குளி என்று கெஞ்சினேன். போகிற நாள் குளிக்கிறேன் என்றாள்.

கடைசி நாள், பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம் இருக்கையில் இறங்கினாள். பிள்ளைகள் இரண்டு கையையும் பிடித்து இழுத்தார்கள். நான் தலை துடைக்கத் துவாயோடு கரையில் நின்றேன். இன்றைக்கு உன்னைத் தவிர வேறொன்றும் பார்க்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். மனதாரச் சொன்ன சொல்தான் அது. முழங்காலளவு தண்ணீரில் அலை வந்து சேலையை நனைத்ததும் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் கண்டதில்லை.

அவளுடைய தோளுக்கு அப்பால், வடக்கே, புகை தெரிந்தது; அதன் அடியில் புகைக்குழாயும்.

நான் கூப்பிடவில்லை. கையைக்கூடத் தூக்கவில்லை. சிரித்தபடியே என் பக்கம் திரும்பியவள் என் முகத்தைப் பார்த்தாள். பிள்ளைகளின் கைகளை விட்டுவிட்டுக் கரையேறி வந்து சேலைத் தலைப்பைப் பிழிந்தாள்.

"என்ன நிறம்?" என்று கேட்டாள், கடலைத் திரும்பிப் பார்க்காமலே.

துவாயை நீட்டவும் மறந்து, நான் நிறத்தைச் சொன்னேன்.