கலகெதரையில் ஒரு மகோகனியை எடை போட்டோம்

ஒரு மரத்தின் பயோமாஸை, அதாவது அதன் மொத்த எடையை, சரியாகக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அதை வெட்டித்தான் ஆகவேண்டும். இதை எந்தக் கூட்டத்திலும் யாரும் உரக்கச் சொல்வதில்லை. சுற்றளவையும் உயரத்தையும் வைத்து எடையைச் சொல்லும் சூத்திரங்கள் இருக்கின்றன. அந்தச் சூத்திரம் பிறக்க எங்கேயாவது சில மரங்கள் விழ வேண்டும். விழவைக்கும் குழுவில் கள உதவியாளராக என் பாதி வாழ்க்கை போனது. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் கேட்டதால் ஒரு மரத்தைப் பற்றி எழுதுகிறேன். இனிப்பாக எழுத எனக்கு வராது.

கலகெதரைப் பக்கம் நிஸாம் நானாவின் வீட்டுத் தோட்டம். மிளகும் கராம்பும் பாக்கும் நெருக்கியடித்து நிற்க, நடுவில் நெட்டையாக ஒரு மகோகனி. எங்கள் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், மரங்களைப் படித்து டொக்டரானவர். அந்த மரத்தைக் கண்டபிறகு அவர் வேறு மரத்தைப் பார்க்கவில்லை. தோட்டக்காரர்களிடம் பேசுவது என் வேலை. டொக்டர் சொல்லச் சொன்னதை நானாவிடம் சொன்னேன். வெட்டுவது எங்கள் பொறுப்பு, கொஞ்சம் சாம்பிள் எடுப்போம், மற்றதெல்லாம் உங்களுக்கு.

நானா யோசித்துச் சம்மதித்தார். மகளுக்குக் கட்டும் வீட்டின் கதவும் ஜன்னலும் அந்த மரத்தில்தான் என்று அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே நினைத்து வைத்தாராம். சுவர் எழும்பிவிட்டது, கல்யாணமும் பேசியாகிவிட்டது. கூரையில் விழாமல் மரத்தைச் சாய்க்க அவர் ஆள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் போய் நின்றோம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை சாய்த்தோம். ஓர் ஓடுகூட உடையவில்லை. நானா அடிமரத்தைத் தடவிப் பார்த்தார். பகல் சாப்பாடு இங்கேதான் என்று சொல்லிவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போனார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

இலை, சுள்ளி, கிளை என்று பிரித்து நிறுத்தோம். அதுவரை நான் நிறுத்ததெல்லாம் தேயிலைச் செடியும் கிளிரிசீடியா என்ற சின்ன வேலி மரமும்தான். மூட்டை கட்டித் தொங்குதராசில் மாட்டினால் வேலை முடிந்தது. ஓர் அடிமரத்தை எப்படித் தொங்கவிடுவது என்று நான் யோசித்ததே இல்லை. டொக்டர் யோசித்திருந்தார். தராசில் மாட்டும் அளவுக்கு, இரண்டடிக்கு ஒரு கோடாகச் சோக்குக்கட்டியால் கீறிக்கொண்டே போனார்.

"சேர், இப்படி வெட்டுனா பலகைக்கு ஆகாதே. நானா வரட்டும், ஒரு வார்த்த கேட்டுட்டு வெட்டுவோம்" என்றேன்.

"பிள்ளை, விழுத்தின நேரத்தில இருந்து ஈரம் காயுது. பின்னேரம் மழை வந்தா அதுவும் பிழை. அந்தாள் வருமட்டும் இருக்கேலாது. இது ஆராய்ச்சி, விறகு விக்கிற இடமில்லை."

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. பச்சை எடையை உடனே எடுக்கத்தான் வேண்டும். அதுதான் இன்றைக்கும் எனக்கு வயிற்றெரிச்சல். மெஷின் வாள் இறங்கியது. சிவப்புத் தூள் மிளகுக் கொடிகளிலெல்லாம் படிந்தது.

நானா பள்ளிவாசலிலிருந்து தனியாக வரவில்லை. கதவுக்கு அளவு பார்க்கத் தச்சு வேலை செய்யும் பாஸ் ஒருவரையும் கூட்டி வந்தார். பாஸ் துண்டுகளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அளவு நாடாவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. இதில் முக்காலிதான் செய்யலாம் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு றோட்டுக்குப் போய் நின்றுகொண்டார்.

நானா கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நிறுத்துப் பாக்கத்தானே தங்கச்சி வந்த? இப்பிடித் துண்டு போடுற எண்டு நீங்க செல்லல்லயே" என்று என்னிடம்தான் கேட்டார். அறிக்கையில் அவருடைய பெயரைப் போட்டு நன்றி தெரிவிப்போம் என்று சொல்லும்படி டொக்டர் என் காதருகே சொன்னார். நான் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் நானா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். ஆண்களுக்கு முன்மண்டபத்தில் வைத்தார்கள். டொக்டர் இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார். என்னை உள்ளே உட்காரவைத்து அந்த மகளே பரிமாறினாள். ஜன்னலடியில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"கோடு போடக்குள்ளயே வெளங்கிட்டு மிஸ். வாப்பாக்கு கோல் எடுத்தன். பள்ளில ஃபோன ஓஃப் பண்ணீந்தாங்க. அவ்வளவு ஆம்புளயள் நிக்கக்குள்ள வெளிய வந்து செல்ல வெக்கமா ஈந்திச்சி" என்றாள். சொல்லிவிட்டு இன்னும் ஒரு கரண்டி கறி வைத்தாள்.

நான் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. மகோகனி இப்போது டொக்டரின் கிராஃபில் ஒரு புள்ளி. சூத்திரத்தின் கோட்டுக்கு மிக அருகில் விழுந்திருக்கிறது என்று எல்லோருக்கும் திருப்தி.

பிள்ளைகளே, வாளைத் தொடுவதற்கு முன் அந்த மரம் எதற்காக வளர்க்கப்பட்டது என்று கேளுங்கள். வீட்டுக்குள் இருப்பவர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். சொந்தக்காரர் வெளியே போயிருந்தால் அவர் வரும்வரை உட்காருங்கள். ஈரம் காய்ந்து எடை கொஞ்சம் பிழையாகும். ஆகட்டும்.