குஞ்சம்மாள் அக்காவும் வெள்ளிக்கிழமை மாத்திரையும்

ஆத்தூர்ப் பக்கம் எங்கள் ஜவ்வரிசி மில்லில் மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவுகிற பெண்கள் பதினெட்டுப் பேர். அதில் குஞ்சம்மாள் அக்காவுக்குக் கையும் வாயும் ஒரே வேகம். அக்கா வராத நாளில் கொட்டகையே எழவு வீடு மாதிரி இருக்கும்.

போன மாசியில் ஈரத்தோலில் வழுக்கி விழுந்து அக்காவின் கால் முறிந்தது. மாவுக்கட்டோடு படுத்திருந்தபோது அதே காலில் ரத்தம் வேறு உறைந்து கட்டிக்கொண்டது. டாக்டரம்மா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்தார். "மூணு மாசம் ஒருநாள்கூட விடக்கூடாது. காயம் பட்டா ரத்தம் சீக்கிரம் நிக்காது, அதனால கத்தியத் தொடாதீங்க" என்றார்.

கட்டுப் பிரித்து வந்த அக்காவை மேஸ்திரி ஜவ்வரிசி காயும் களத்துக்குக் காக்கை விரட்ட அனுப்பிவிட்டார். அங்கே பேச ஒரு ஆள் கிடையாது. எங்கள் சிரிப்புச் சத்தம் வரும் திசையையே அக்கா பார்த்துக்கொண்டிருக்கும். எனக்குத் தாங்காது.

"வீக்கந்தான் வத்திப்போச்சே, மாத்திரைய வுட்டுட்டு வாக்கா" என்றேன்.

"டாக்டரம்மா வாயால சொல்லட்டும் மஞ்சுளா. அதுவரைக்கும் வரமாட்டேன்."

மூன்று மாதம் முடிந்தது. துணைக்கு நான் போனேன். டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, "ஒருநாளும் விடலையே?" என்று கேட்டார்.

"வுடலைங்கம்மா. வெள்ளிக்கெழம மட்டுந்தான் போடல."

"ஏன்?"

"சாப்பாட்டுக்கு அப்புறம்னு சொன்னீங்க. வெள்ளிக்கெழம எனக்கு வெரதம். சாப்பாடே இல்லாத நாளுக்கு மாத்திரை எதுக்குங்க?"

டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவருக்கு. "இன்னும் ஒரு மாசம் போடுங்க. வெள்ளிக்கிழமையும் சேர்த்துத்தான்!"

பஸ்ஸில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தது. எனக்கு ஆத்திரம். "சும்மா இருந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா இன்னிக்கே முடிஞ்சிருக்குமில்ல?"

"காலு என்னுதுடி. பொய் சொல்லி யார ஏமாத்தறது?"

அந்த மாதம் வெள்ளிக்கிழமைகளில் அக்கா மாரியம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கஞ்சி குடித்து மாத்திரையைப் போட்டது. கடைசியில் டாக்டரம்மா, "நாளையிலருந்து மாத்திரை வேண்டாம். கால் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே ஓடி வரணும். ஒரு வாரம் போகட்டும், அப்புறம் கத்தி பிடிங்க" என்றார்.

ஒரு வாரம் கழித்துத் தலை நிறையக் கனகாம்பரத்தோடு அக்கா கொட்டகைக்கு வந்தது. நாலு மாதப் பேச்சையும் ஒரே மூச்சில் பேசித் தீர்க்கிற அவசரம். அரைமணி நேரங்கூட ஆகவில்லை, கத்தி பெருவிரலைக் கீறிவிட்டது. ரத்தம் எட்டிப் பார்த்தது.

பதினேழு கத்திகளும் நின்றன. அக்கா முந்தானையால் விரலை அழுத்திப் பிடித்துக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து மெல்லப் பிரித்துப் பார்த்தால், ரத்தம் நின்றுபோயிருந்தது.

நாங்கள் போட்ட குலவையில் மேஸ்திரி என்னவோ ஏதோவென்று விழுந்தடித்துக்கொண்டு வந்தார். அக்கா பெருவிரலை அவர் மூக்குக்கு நேராக நீட்டியது.

"நின்னுபோச்சு பாருங்க! இனிமே காக்கா வெரட்ட வேற ஆளப் பாத்துக்குங்க."