எடை கூடியதற்காக ஒரு ஸ்தோத்திரம்

தளர்ந்துபோன இதயங்களுக்கு வைத்தியம் பார்ப்பதும், அவை ஏன் தளர்கின்றன என்று ஆராய்வதுமாகவே என் காலம் ஓடிவிட்டது. இந்தத் துறைக்கு எப்படி வந்தீர்கள் என்று கேட்பவர்களிடம் ஏதாவது கௌரவமான பதில் சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உண்மையில் நான் வந்தது தாம்பரம் ஸ்டேஷன் எடை மிஷின் வழியாக.

அறுபதுகளின் கடைசி. எனக்கு ஒன்பது வயது. இதயக் கோளாறினால் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்த அப்பா, துடைப்பக்குச்சி மாதிரி வீடு திரும்பி, மெல்ல வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். குரோம்பேட்டை டாக்டர் எங்கள் சபைக்காரர். வாராவாரம் எடை பார்த்துத் தன்னிடம் சொல்லவேண்டும் என்றிருந்தார். சனிக்கிழமை அப்பா ரயிலை விட்டு இறங்கும்போது அம்மாவும் நானும் பிளாட்பாரத்தில் நிற்போம். காசு போட்டால் வண்ண விளக்குகள் சுற்றி, சின்ன அட்டை ஒன்று விழும். ஒரு பக்கம் எடை, மறு பக்கம் ஜோசியம். கிறிஸ்தவர்களுக்கு ஜோசியம் ஆகாது என்று அம்மா அந்தப் பக்கம் கோந்து தடவிக் காலண்டரில் ஒட்டிவிடுவாள்.

சில வாரங்கள் எண் அசையவில்லை. பிறகு ஒரே வாரத்தில் மூன்று கிலோ ஏறியது! ஷூ காலில் நுழைய மறுத்தது. "காலெல்லாம் சதை போட்டுடுச்சு பாருங்க" என்று அம்மா பூரித்தாள். அப்பாவுக்கு மூச்சு வாங்கியதற்கும் அந்தச் சதைதான் காரணம் என்று முடிவானது. டாக்டரிடம் யாரும் சொல்லவில்லை. கெட்ட செய்திக்குத்தானே டாக்டர்? நல்ல செய்திக்குப் போதகர் இருக்கிறார்.

ஞாயிறு ஆராதனையில் போதகர், கர்த்தருக்கு நன்றியாகக் குடும்பங்கள் கொடுத்திருந்த ஸ்தோத்திரக் காணிக்கைகளை வாசித்தார். பரீட்சையில் தேறியவர், புதுவீடு குடிபோனவர் எல்லோருக்கும் நடுவே அப்பாவின் பெயரைச் சொல்லி, "சரீரம் தேறி எடை கூடியதற்காக" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முன்வரிசையிலிருந்த டாக்டர் வெடுக்கென்று திரும்பினார். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து வந்து அப்பாவின் தோளைத் தொட்டார்.

"வெளியே வாங்க சார்."

"ஆராதனை முடியட்டுமே டாக்டர்" என்றாள் அம்மா.

"கர்த்தர் கோவிச்சுக்க மாட்டாரும்மா."

வெளியே படிக்கட்டில் உட்காரவைத்து, அப்பாவின் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. தன் காரிலேயே அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

பத்தே நாளில் அப்பா பழையபடி ஒல்லியாகிவிட்டார். டாக்டர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நாங்கள் ஊட்டி ஊட்டித் தேற்றியவரை ஊசி போட்டு இளைக்க வைத்துவிட்டாரே! "அங்கிளுக்கு குட்மார்னிங் சொல்லுடி" என்று அம்மா கிள்ளினாலும் வாயைத் திறக்கமாட்டேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். அப்பா அதன்பின் பதினோரு வருஷம் இருந்தார். நான் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்ததையும் பார்த்தார். அந்தப் பதினோரு வருஷமும் டாக்டர் கொடுத்தது. எத்தனை நன்றி சொன்னாலும் எனக்குப் போதாது.

எடை இறங்கிய அந்த வாரம் சபையில் எங்கள் வீட்டுக் காணிக்கை எதுவும் வாசிக்கப்படவில்லை. அப்பாவின் உடம்பில் ஏறியிருந்தது, இதயம் இறைக்க முடியாமல் தேங்கவிட்ட நீர் என்பதோ, நாங்கள் ஸ்தோத்திரம் சொல்லியிருக்க வேண்டியது அந்த வாரம்தான் என்பதோ எனக்கு அப்போது தெரியவில்லை.