மலைப்பூண்டைப் பற்றி நாங்கள் எழுதிய பேப்பர்

பூண்டு வாசனை... கையில், ஸ்வெட்டரில், கம்ப்யூட்டர் கீபோர்டில்கூட. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. கொடைக்கானலுக்கு பஸ் ஏறினால் பக்கத்து சீட்டில் இருப்பவர் ஒரு மாதிரி திரும்பிப் பார்ப்பார்.

மன்னவனூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆராய்ச்சி நிலையம். அதுதான் எனக்கு முதல் வேலை. நான் திண்டுக்கல்காரி. என்னோடு அதே நாளில் சேர்ந்தவர் ஞானசேகர். பெரும்பாறைப் பக்கம் காபித் தோட்டத்து வீட்டுப் பிள்ளை. வயதும் ஒன்று, சம்பளமும் ஒன்று, குளிரில் நடுங்குவதும் ஒன்று.

எங்களுக்குக் கொடுத்த வேலை மலைப்பூண்டு. இந்த ஊரில் பூண்டைக் கட்டாகக் கட்டி அடுப்புப் புகையில் தொங்கவிடுவார்கள். அப்படி வைப்பது நல்லதா, சாக்கில் வைப்பது நல்லதா? நான் எடை குறைவதையும் அழுகுவதையும் பார்த்தேன். அவர் அதே பூண்டை எடுத்துப்போய் நிலத்தில் ஊன்றி, எது நன்றாக முளைக்கிறது என்று பார்த்தார். ஒரு சீசன் முழுக்க, மழையிலும் மஞ்சிலும், அந்தப் பாத்திகளுக்கு நடுவிலேயே கிடந்தார்.

எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பேப்பர் எழுதி ஜர்னலுக்கு அனுப்பினோம். எவ்வளவு தகவல்! எத்தனை டேபிள்! எங்களுக்கு ஒரே பெருமை.

திரும்பி வந்தது. ஜர்னலுக்காகப் படித்துப் பார்த்த ரிவியூவர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். தகவல் நன்றாக இருக்கிறது, ஆனால் இந்தக் கட்டுரை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று எனக்கு விளங்கவில்லை, திருத்தி அனுப்புங்கள் என்று.

நாங்கள் மறுபடி படித்துப் பார்த்தோம்... எங்களுக்கும் விளங்கவில்லை.

பிரிண்ட் எடுத்து, பத்தி பத்தியாகக் கத்தரித்து, உருளைக்கிழங்கு ஷெட்டின் தரையில் பரப்பினோம். பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கிழங்கு. இதை முன்னால் வைத்தால் அது பின்னால் இடித்தது. அதை நகர்த்தினால் இது அர்த்தமில்லாமல் நின்றது. முடிவுரையைத் தூக்கி முதலில் வைத்துப் பார்த்தேன். இன்னும் மோசம்.

ஞானசேகர் ஒரு யோசனை சொன்னார். "ஆளுக்கொரு தாள்ல, இந்தப் பேப்பர் என்ன சொல்லுதுன்னு ஒரே வரியில எழுதுவோம்ங்க. ஒருத்தர் எழுதுறத மத்தவரு பாக்கக்கூடாது."

எழுதினோம். மாற்றிக்கொண்டோம்.

புகையில் தொங்கும் பூண்டு எடை குறையும், ஆனால் அழுகாது என்பது என் வரி. புகையில் வைத்த பூண்டுதான் விதைக்கு நல்லது என்பது அவருடைய வரி.

"ஏங்க... நாம ரெண்டு பேரும் ஒரே சோலியத்தான பாத்தோம்?" என்றேன்.

"நானும் அப்படித்தாங்க நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே இருந்தது இரண்டு பேப்பர். ஆனால் அவருடைய பகுதி தனியாக நிற்காது. நிலத்தில் ஊன்றிப் பார்த்தது என்றால் ஒரே சீசன் தகவலை யாரும் போட மாட்டார்கள். இன்னொரு சீசன் பார்க்க அவருக்கு நேரமில்லை. கான்ட்ராக்ட் முடியப்போகிறது. அடுத்த இன்டர்வியூவுக்குள் ஒரு பேப்பர் வந்தே ஆகவேண்டும்.

நான் வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய்விட்டு வந்தேன். வந்து ஃபைலைத் திறந்தால், வேறு பேப்பர்! கேள்வி முதல் பத்தியிலேயே நின்றது. செய்முறை, முடிவு, விளக்கம், எல்லாம் அதன் பின்னால் வரிசையாக வந்தன. நான் என்ன வேலை செய்தேன் என்பதே அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

முளைப்பு பற்றி ஒரு வரிகூட இல்லை.

"உங்க பகுதி எங்கங்க?"

"எடுத்தாச்சு. இப்பப் படிக்க நல்லாருக்கா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு, ஆனா..."

"அப்ப வெரசா அனுப்பி விடுங்க. கரண்ட் போயிரும்."

அவர் முகத்தில் என்ன இருந்தது என்று எவ்வளவு யோசித்தாலும் பிடிபடவில்லை. வருத்தமா, கோபமா, நிம்மதியா... அனுப்பிவிட்டேன். பேப்பர் வந்தது. இரண்டு பெயரும் இருந்தன. அதை வைத்தே அவருக்கு விவசாயத் துறையில் வேலை கிடைத்தது. நான் மதுரையில் காலேஜ் லெக்சரர் ஆனேன். இத்தனை வருஷமாக, தெளிவான பேப்பருக்காகத் தன் வேலையைத் தானே வெட்டிப் போட்ட மனுஷன் என்று என் மாணவர்களிடம் அவரைப் பற்றிச் சொல்லாத வகுப்பு இல்லை.

போன மாதம் கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். நரைத்திருந்தது. டீ குடித்துக்கொண்டே இந்தக் கதையைச் சொன்னேன். அவர் டீயைக் கீழே வைத்தார்.

"நானா எடுத்தேன்? நீங்கதானங்க எடுக்கச் சொன்னீங்க! ஊருக்குக் கிளம்பும்போது, உங்கது போயிட்டா சரியா வந்துரும்னு சொன்னீங்களே..."

"நானா? நான் அப்படிச் சொல்லவே இல்லியேங்க!"

"சொன்னீங்க. நல்ல யோசனைதாங்க அது. எனக்குக் கோபமெல்லாம் இல்ல."

அவர் பொய் சொல்கிறவர் இல்லை. நானும் இல்லை. யோசித்து யோசித்துப் பார்க்கிறேன்... சில நேரம் சொல்லியிருப்பேனோ என்று தோன்றுகிறது. சில நேரம் சத்தியமாக இல்லை என்று தோன்றுகிறது.

இப்போது என் மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஸ்க்ரீனில் எழுதுகிறார்கள். யார் எந்த வரியை அழித்தார்கள் என்பதை அதுவே கலர் கலராகக் காட்டிவிடுகிறது. சண்டை வந்தால் எடுத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு இருந்தது ஒரே ஃபைல். அதன் மேலேயே எழுதினோம், அதன் மேலேயே அழித்தோம்.

நேற்று அந்தப் பேப்பரைத் திறந்து படித்தேன். இன்றைக்கும் எங்கேயும் தடுக்கவில்லை. அவருடைய பாத்திகள் இருந்த இடத்தில் ஒரு வாக்கியம் முடிகிறது, அடுத்தது தொடங்குகிறது. நடுவில் ஒரு மழைக்காலம் இருந்தது என்று படிக்கிறவருக்குத் தெரியவே தெரியாது.