மஞ்சுளா அக்கா ஏன் ஈரக்காலோடு உள்ளே வரவில்லை

அக்காக்களே, இதை யாரிடமும் காட்டாதீர்கள். உங்கள் வீட்டுக்காரர்களிடமும் வேண்டாம். படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். ஷிப்ட் பஸ்ஸில் மஞ்சுளா அக்காவோடு கடைசி சீட்டில் போய்வந்த நீங்கள் மூன்று பேரும் படித்துவிட்டுக் கிழித்துப் போடுங்கள். பதினாறாம் நாள் வாசிக்க அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னீர்கள். அதைத் தனியாக எழுதிவிட்டேன். அதில் அவள் பொறுமைசாலி, எல்லோரிடமும் அன்பாகப் பழகியவள் என்றெல்லாம் இருக்கும். அங்கே எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

செய்தி வந்த காலையில் நான் பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். ஓனரம்மா தெலுங்கில் அலறினார். எங்கள் லைன் வீட்டின் ஆறு கதவுகளும் ஒன்றாகத் திறந்தன. டெங்கு என்று ஓசூர் ஆஸ்பத்திரியில் சேர்த்த நான்காவது நாள், அக்கா போய்விட்டாள் என்று அவள் கணவர் போனில் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் வரைக்கும் என் ஒரு பக்கத் தலைமுடி பின்னப்படாமலே கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை.

ஓனரம்மா அக்காவின் மாமியார். இந்த வீடுகளின் சொந்தக்காரர். நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அப்பாவின் கம்பெனி வேலைக்காக வந்து குடியிருக்கிறவர்கள். அவர் காலி செய்யச் சொன்னால் நாங்கள் போக வேண்டியதுதான்; எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு ஐந்து வாரம் இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அக்காவின் ஷூவுக்குள் இருந்த இன்சோல் இரண்டும் இப்போது என் பள்ளிக்கூட ஷூவுக்குள் இருக்கின்றன. ஓனரம்மா அவற்றைத்தான் தேடுகிறார்.

போன வருடம் மழைக்காலத்தில் அக்கா ஒரு தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி டாக்டர் கொடுத்தது. அக்கா ஆனேக்கல் பக்கம் கன்னடத்தில் படித்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்து தெரியாது.

"கண்ணு, இத படிச்சுச் சொல்லு. மெதுவா படி, எங்கத்தம்மா காதுல விழக் கூடாது."

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்று படித்தேன். ஈரப் பாதத்தைத் தரையில் வைத்துப் பார்க்க வேண்டும். உள்பக்கம் வளைவில்லாமல் பாதம் முழுவதும் பதிந்தால் அது தட்டைப் பாதம். அக்கா ஒரு சொம்புத் தண்ணீரைக் காலில் ஊற்றி சிமெண்டில் மிதித்தாள். முழுதாகப் பதிந்தது. விளையாட்டாக நானும் மிதித்தேன். என்னுடையதும் அப்படியே, ஊத்தப்பம் போல.

"அட, நீயும் நம்ம கட்சியா புள்ள!" என்று அவள் சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. சப்பட்டைக் கால்காரி போகிற வீடு விளங்காது என்று ஊரில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அக்கா சிரிப்பை நிறுத்தினாள். "அழுவாத. இன்னும் பாதித் தாள் இருக்குது. மேல படி."

அடுத்து, நுனிவிரலில் நிற்கச் சொல்லியிருந்தது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு எம்பி நின்றாள். அவள் பாதத்தின் உள்பக்கம் எழும்பி வளைந்தது. என்னுடையதும் வளைந்ததா என்று அவள் குனிந்து பார்த்துத் தலையாட்டினாள். இப்படி வளைந்தால் பயப்பட ஒன்றுமில்லை, இந்த மாதிரிப் பாதம் நிறையப் பேருக்கு உண்டு, வலி இல்லையென்றால் வைத்தியமே வேண்டாம் என்று தாளில் இருந்தது. வலித்தால் பயிற்சி, ஷூவுக்குள் பாதத்தைத் தாங்கும் சோல். எம்பி நின்றும் வளையாமல் விறைப்பாக இருந்தாலோ, ஒரு கால் மட்டும் புதிதாகச் சரிந்து வீங்கினாலோ தாமதிக்காமல் டாக்டரிடம் போக வேண்டும். அக்கா அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

அன்றைக்குத்தான் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. "என் மருமவ ஈரக்காலோட உள்ள வரமாட்டா, அவ்ளோ சுத்தம்" என்று ஓனரம்மா எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வார். அக்கா வாசலில் நின்று ஒவ்வொரு விரலிடுக்காகத் துடைத்துவிட்டுத்தான் நுழைவாள். அவள் பயந்தது அழுக்குக்கு இல்லை. கல்யாணமான மூன்று வருடமும் அந்த வீட்டுத் தரையில் அவள் ஒரு சுவடும் விடவில்லை.

பஸ்ஸில் நீங்கள் "வாத்து வருதுடி, வழிய விடுங்கடி" என்று கேலி செய்வீர்களாம். "வாத்து நீந்தும்டி, நீங்க நீந்துவீங்களா?" என்று திருப்பிக் கேட்டதை அவளே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். உங்கள் மேல் அவளுக்குக் கோபம் கிடையாது. ஆனால் எட்டு மணி நேரம் கம்பெனி லைனில் நின்றுவிட்டு வரும்போது அவளுக்குக் கணுக்காலின் உள்பக்கம் எப்படி வலிக்கும் என்பது உங்களுக்குத் தெரியாது. "காலு என்ன தப்பு பண்ணுச்சு? நிக்கச் சொன்னாங்க, நின்னுச்சு" என்பாள்.

தினமும் சாயங்காலம் துணி காயப்போடும் இடத்தில் இரண்டு பேரும் செய்தோம். சுவரில் கை வைத்துக் கெண்டைக்காலை நீட்டுவது, குதிகாலைத் தூக்கி இறக்குவது, தரையில் விரித்த துண்டைக் கால்விரலால் சுருட்டுவது. அக்கா கன்னடத்தில் எண்ணுவாள்: ஒந்து, எரடு, மூறு. ஒரு நாள் ஓனரம்மா வந்து நின்றுவிட்டார்.

"ஏய், துண்டுல என்னா விளையாட்டு?"

"குனிஞ்சு எடுத்தா இடுப்பு புடிக்குது அத்தம்மா. கால்ல எடுத்துப் பழகறோம்."

"இருபத்தஞ்சு வயசுல இடுப்பு புடிக்குதா! என் வயசுக்கு உன்ன கூடையில வெச்சுத்தான் தூக்கணும்."

அவர் போகும்வரை நான் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா திரும்பி, "ஏழுல விட்டோம். ஏளு, எண்டு…" என்று தொடர்ந்தாள்.

சில மாதத்தில் வலி குறைந்தது. பாதம் மட்டும் அப்படியேதான் இருந்தது. எனக்கு அது ஏமாற்றம். "வளைவு எனக்கு எதுக்குக் கண்ணு? யாரு பாக்கப் போறாங்க? வலி போச்சு, அது போதும்" என்றாள்.

காய்ச்சல் வந்த முதல் நாள் அவள் ஷூவிலிருந்து சோல்களை உருவி என்னிடம் கொடுத்தாள். எங்கள் இருவருக்கும் ஒரே அளவு. "நான் வேலைக்குப் போற வரைக்கும் நீ போட்டுக்க. பிரேயர்ல நிக்க முடியலன்னு சொன்னியே." நான் திருடவில்லை. இதை நீங்களாவது நம்ப வேண்டும்.

அவளைக் குளிப்பாட்டிப் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டும்போது ஓனரம்மா அந்தப் பாதங்களை முதல்முறையாகப் பார்த்தார். அழுதுகொண்டிருந்தவர் சட்டென்று நிறுத்திவிட்டார். "இந்தக் காலா என் வீட்டுக்குள்ள வந்துச்சு?" என்றார். அதற்குப் பிறகு யாரும் கொசுவைப் பற்றியோ காய்ச்சலைப் பற்றியோ பேசவில்லை. அங்கே நின்ற பெண்களில் பாதிப் பேர் தங்கள் காலைப் பார்த்துக்கொண்டார்கள். நான் என் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டேன். அம்மா என்னைப் பார்த்தாளா என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஓனரம்மா கெட்டவர் இல்லை. அவர் மகன் ஐந்து நாளாக ஒரு வாய் சாப்பிடவில்லை. அக்காவின் கால் பட்டது எதுவும் வீட்டில் இருந்தால் அடுத்தது மகன்தான் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். செருப்பு, ஷூ, கால்மிதி எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டி நாளைக் காலையில் கெலவரப்பள்ளிப் பக்கம் ஆற்றில் விடப் போகிறார். இன்று மூட்டை கட்டும்போதுதான் ஷூ உள்ளே வெறுமையாக இருந்ததைப் பார்த்திருக்கிறார். சாயங்காலம் ஒவ்வொரு கதவாக வந்தார்.

"எடுத்தவங்க தானா கொடுத்துடுங்க. அந்த மாதிரி காலு இன்னொண்ணு இந்தக் காம்பவுண்டுல இருந்தா, அவங்களும் காலி பண்ணிக்கட்டும்."

அம்மா, "எங்க வீட்ல அப்பிடி யாரும் இல்லக்கா" என்றாள்.

கொடுத்துவிடலாமா என்று இதுவரை யோசித்தேன். கொடுத்தால், உனக்கு எதற்கு என்று கேட்பார்கள். காலைக் காட்டச் சொல்வார்கள். அந்த பயத்தைவிட வேறொன்றுதான் என்னைத் தடுக்கிறது. நானே கொண்டுபோய்க் கொடுத்தால், அக்காவை அவள் கால்தான் கொன்றது என்று நானும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அது பொய். அவள் காய்ச்சலில் போனாள்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பவை: மடிப்பில் கிழிந்த அந்தத் தாள், பிரேயர் முடியும்வரை வலிக்காமல் நிற்கும் இரண்டு கால்கள், யாராவது இந்தக் காலைக் குறை சொன்னால் அழாமல் மேலே படிக்க வேண்டும் என்ற

கதவு தட்டுகிறார்கள். ஓனரம்மா குரல். அம்மா எழுந்துவிட்டாள். விளக்கைப் போடவில்லை; நான் எழுதும் செல்போன் வெளிச்சம் மட்டும்தான். என் பக்கம் குனிந்து காதருகே சொல்கிறாள்: "அந்த ரெண்டையும் உருவி அரிசி ட்ரம்முக்குள்ள போடுளா. நான் போய்த் தொறக்கேன்."