இரண்டு இருபது பஸ்ஸில் என் மகள்

போன செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. பெரிய சண்டை இல்லை. ஆறரை மணிக்கு ஹேண்ட்பேக்கோடு வாசலில் நிற்கும் மனைவியும், தோசைக் கரண்டியோடு அடுப்படியில் நிற்கும் கணவனும் எவ்வளவு நேரம்தான் சண்டை போட முடியும்?

"இந்த வாரத்துல ஒரு நாளாவது நேரத்துக்கு வாடி. ஓனர் எங்கிட்ட சத்தம் போடுதாரு" என்றார் அவர்.

"பிரசவத்துக்கு டைம் டேபிள் கிடையாதுங்க" என்றேன் நான்.

"பஸ்ஸுக்கு இருக்கு" என்றார்.

அதற்கு மேல் என்ன பேச? செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வாரா வாரம் படிக்கிறவர்களுக்கு எங்கள் வீட்டு நிலவரம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் சங்கரன்கோவிலில் ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டில் நர்ஸ். என் கணவர் கோமதிநாயகம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். மூத்தவள் அபிநயா மூன்றாம் வகுப்பு. சின்னவள் ஆதிரா எல்.கே.ஜி.

எனக்குக் காலை ட்யூட்டி என்றால் ஏழிலிருந்து இரண்டு வரை. அந்த வாரங்களில் அவர் மதியம் இரண்டு இருபதுக்கு சிவகிரி டிரிப்பில் ஏறுவார். எனக்கு மதிய ட்யூட்டி வந்தால், கூட இருக்கும் கண்டக்டரிடம் சொல்லி காலை டிரிப்புக்கு மாறிக்கொள்வார். ஒருவர் வெளியே என்றால் ஒருவர் வீட்டில். பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ எப்போதும் உண்டு. இரண்டு பேரும் சேர்ந்து கிடைப்பதுதான் அபூர்வம்.

நாங்கள் இருவரும் பார்த்துக்கொள்வது பஸ் ஸ்டாண்டில், மதியம் பத்து நிமிஷம். எல்.கே.ஜி. விட்டதும் ஆதிராவைக் கூட்டி வந்து, சோறூட்டி, முகம் கழுவி, அங்கே கொண்டுவந்து என்னிடம் ஒப்படைப்பார். "சாப்டுட்டா. இருமல் மருந்து குடுத்தாச்சு. கேஸ் புக் பண்ணிட்டேன்." இதுதான் எங்கள் கல்யாண வாழ்க்கையின் வசனம்… வேறு வசனத்துக்கு நேரம் கிடையாது.

அன்றைக்கு நான் நேரத்துக்குக் கிளம்பியிருப்பேன். சத்தியமாக. ஒன்றே முக்காலுக்கெல்லாம் அடுத்த ட்யூட்டி சிஸ்டர் வந்துவிட்டார். கையைக் கழுவிவிட்டுப் பையை எடுக்கப் போனேன்.

டேபிளில் ஒரு பெண். முதல் பிரசவம். மேலநீலிதநல்லூர் பக்கம். காலையிலிருந்து என் கையைப் பிடித்துக்கொண்டு வலி பொறுத்தவள். நான் நகர்வதைப் பார்த்ததும், "அக்கா, போயிராதீங்கக்கா" என்றாள். அவ்வளவுதான். அழக்கூட இல்லை.

ஐந்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

இரண்டு ஐந்துக்குக் குழந்தை பிறந்தது. ஆண் குழந்தை. அழவில்லை.

பிரசவ வார்டில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த அமைதியைத் தெரியும். வேறு எங்கேயும் அப்படி ஓர் அமைதி கிடையாது. அந்த சிஸ்டர் தாயைப் பார்த்துக்கொள்ள, டாக்டரம்மாவும் நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஹீட்டர் விளக்குக்குக் கீழே ஓடினோம். துடைத்தோம், முதுகைத் தேய்த்தோம், வாயிலிருந்த சளியை உறிஞ்சி எடுத்தோம். அசைவில்லை. முகத்தில் சின்ன மாஸ்க்கை வைத்து, காற்றுப் பையை அமுக்கி மூச்சு கொடுக்க ஆரம்பித்தேன்.

"என்ன பிள்ளைக்கா? ஏன் சத்தம் வரல?" என்று பின்னாலிருந்து அந்தப் பெண்ணின் குரல்.

நான் அமுக்கிக்கொண்டிருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். கடிகாரம் பார்க்கவில்லை. திடீரென்று அந்தப் பிஞ்சு நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. அப்புறம் ஒரு முனகல். அப்புறம் அழுகை… வார்டே அதிர்கிற மாதிரி.

குழந்தையைப் பச்சிளங்குழந்தைப் பிரிவில் சேர்த்து, நிறம் தேறியதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது மணி இரண்டு ஐம்பது. பையிலிருந்த போனை எடுத்தேன். பன்னிரண்டு மிஸ்டு கால். எல்லாம் ஒரே நம்பர். கடைசியில் ஒரு மெசேஜ்: 'பிள்ளை என்கூட பஸ்ஸில். பயப்படாதே.'

எப்படிப் பயப்படாமல் இருப்பது?

கூட்டத்தில் டிக்கெட் கிழிப்பாரா, நாலு வயசுப் பிள்ளையைப் பார்ப்பாரா? போன் அடித்தேன். எடுக்கவில்லை. 'ஒரு குழந்தை அழவில்லை. அதான் நின்றுவிட்டேன்' என்று மட்டும் மெசேஜ் அனுப்பினேன். ஆட்டோவில் போகும்போது ஒரே யோசனை. ஊரார் பிள்ளைக்கு மூச்சு கொடுத்துவிட்டு, என் பிள்ளையை நடுரோட்டில் விட்டுவிட்டேனா? இந்த வேலை வேண்டாம் என்று என் நாத்தனார் இரண்டு வருஷமாகச் சொல்கிறாள். அவள் சொல்வதுதான் சரியோ?

நாலேகாலுக்கு அபிநயா ஸ்கூல் வேனில் வந்து இறங்கினாள். "பாப்பா எங்கம்மா?" என்றாள். சொன்னேன். முகம் தொங்கிப்போய்விட்டது. "என்னைய மட்டும் ஒரு நாளும் கூட்டிட்டுப் போனதில்ல."

ஐந்து மணிக்கு இருவரும் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். ஐந்து பத்துக்கு பஸ் உள்ளே வந்தது. டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோர சீட்டில், ஒரு காலேஜ் பெண்ணின் மடியில் உட்கார்ந்திருந்தாள் ஆதிரா. தலையில் ஒரு முழம் மல்லிகை. கையில் பாதி கடித்த கொய்யா. கழுத்தில் அவள் அப்பாவின் விசில்.

அவர் இறங்கி வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. காலையில் போட்ட சண்டையின் மிச்சத்தை எதிர்பார்த்து நான் தயாராக நின்றேன்.

"அந்தப் பிள்ளை அழுதுச்சா?" என்றார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"நல்லா அழுதுச்சா?"

"வார்டே அதிர்ந்துச்சு."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு ஆதிராவைத் தூக்கி என் இடுப்பில் வைத்தார்.

அடுத்த டிரிப்புக்கு இன்னும் சில நிமிஷம் இருந்தது. டீயைக் குடித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னார். முன் சீட்டில் பூ வியாபாரம் பண்ணும் ஓர் அக்காவிடம், "கொஞ்சம் பிள்ளையப் பாத்துக்கிடுங்கக்கா" என்று உட்கார வைத்திருக்கிறார். வாசுதேவநல்லூருக்கு முந்தின ஸ்டாப்பில் ஓனர் அனுப்பிய செக்கர் ஏறிவிட்டார். விசிலோடு ஒரு குட்டி கண்டக்டரைப் பார்த்ததும், "யாரு பிள்ளைவே இது?" என்று கேட்டிருக்கிறார்.

"எம் பிள்ளைதான் சார்."

"இதோட அம்மா எங்க?"

"பிரசவ வார்டுல இருக்கா சார்."

செக்கர் முகம் மாறிவிட்டதாம். "அப்ப நீரு இங்கன என்னவே பண்ணுதீரு? லீவு சொல்ல வேண்டியதுதானே?" பூக்கார அக்கா ஒரு படி மேலே போய், "நல்ல மனுசன்யா நீரு. பொண்டாட்டிய அங்கன போட்டுட்டு இங்கன டிக்கெட் கிழிக்கீரு" என்று ஏசத் தொடங்கியிருக்கிறார்.

ஆதிராதான் சீட்டில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறாள். "எங்கம்மா நர்ஸு. எல்லாருக்கும் பாப்பா எடுத்துக் குடுப்பாங்க."

பஸ் மொத்தமும் சிரித்திருக்கிறது. அந்தச் சிரிப்பில்தான் மல்லிகைப்பூ தலையில் ஏறியிருக்கிறது, கொய்யா கைக்கு வந்திருக்கிறது. செக்கர் மட்டும் சிரிக்கவில்லை. "இதைப் பழக்கமாக்கிராதீரும், பாத்துக்கிடும்" என்று கண்டித்துவிட்டு இறங்கினார். இறங்கியவர் டிரைவர் பக்கம் போய், "பிள்ளை இருக்கு, மெதுவா ஓட்டும்" என்றாராம்.

செக்கர் சொன்னது நியாயம்தான். பஸ் பிள்ளை வளர்க்கும் இடம் இல்லை. அன்றைக்கே தெருவில் இரண்டு வீட்டில் பேசி, நான் தாமதமானால் ஆதிராவை விட்டுவிட்டு வர ஏற்பாடு செய்துவிட்டோம். இதை முன்பே செய்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. "வேலை, வீடு, பிள்ளைகள்… எல்லாத்தையும் எப்படி மேனேஜ் பண்ணுறீங்க?" என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. என் கணவரிடம் இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. தோசை சுட்டு, இரட்டைச் சடை பின்னி, பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, அதற்குப் பிறகு எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர் அவர். நான் மேனேஜ் பண்ணவில்லை. நாங்கள் பண்ணுகிறோம். இதை இந்தப் பத்தியில் எழுதிவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். கொஞ்சம் பெருமையாகவே எழுதுகிறேன்… தப்பில்லையே?

மறுநாள் எல்.கே.ஜி. மிஸ் ஆதிராவைக் கேட்டிருக்கிறார், ஏன் ஹோம்வொர்க் எழுதவில்லை என்று.

"நேத்து எனக்கு ட்யூட்டி மிஸ்" என்றாளாம்.