வண்டிக்கு வந்த சூடு

காது கேட்காதவர்களுக்குக் கருவி பொருத்துவது அவள் வேலை. முகாமுக்கு வரும் பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் காதக்கா. பெரியவர்களும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டதில், சொந்தப் பெயர் கழுத்தில் தொங்கும் அட்டையோடு நின்றுபோனது.

மாதம் இரண்டு முகாம். காரில் போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். பதினொரு வருடமாக அவள் இடுப்பில் ஒரு வலி குடியிருந்தது. நின்றால், நடந்தால் அது பாட்டுக்குச் சுருண்டு கிடக்கும். அவள் காரில் உட்கார்ந்தால் போதும், அது எழுந்துகொள்ளும். அதோடு மல்லுக்கட்டிப் பார்த்துச் சலித்து, கடைசியில் அதற்கு என்னென்ன பிடிக்கும் என்று தெரிந்துவைத்துக்கொண்டாள். முன் இருக்கைதான் வேண்டும். சாய்மானம் மூன்று பல் பின்னால் போக வேண்டும். நான்காவது பல் போனால் கழுத்து வலிக்கும். முதுகு வளைவில் சுருட்டிய துண்டு. இடது காலுக்கு அடியில் பழைய டெலிபோன் டைரக்டரி. இத்தனையும் செய்தாலும், முக்கால் மணிக்கு ஒருமுறை இறங்கிப் பத்து நிமிடம் நடக்காவிட்டால் அடுத்த இரண்டு நாள் அவள் ஆளாக இருக்க மாட்டாள்.

இது ஆபீசில் யாருக்கும் தெரியாது. முழங்கால் வலி என்று வாய் தவறிச் சொன்ன ஒருத்தியை, 'பாவம், ஓய்வாக இருக்கட்டும்' என்று ஸ்டோர் ரூமில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். நான்கு வருடமாக அவள் அங்கேயே இருக்கிறாள். காதக்காவுக்கு முகாம் வேண்டும். கருவியைப் போட்டதும் சிலர் தங்கள் செருப்புச் சத்தத்தையே திரும்பிப் பார்ப்பார்கள். அதை ஸ்டோர் ரூமில் பார்க்க முடியாது.

டிரைவர் அண்ணனுக்கு மட்டும் தெரியும். அவள் சொன்னதில்லை, அவர் கேட்டதுமில்லை. முக்கால் மணி ஆனதும், "வண்டி சூடாகுதும்மா, கொஞ்சம் ஆறட்டும்" என்று ஓரங்கட்டுவார். பானெட்டைத் திறந்து வைத்து உள்ளே எதையோ தேடுவது போல நிற்பார். அவள் சாலையோரமாக நடப்பாள்.

அன்று புது மேலாளரும் முகாமைப் பார்க்க வந்தார். அவளைவிடப் பத்து வயது சின்னவர், விறைப்பானவர். முன் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டார். காதக்கா துண்டோடும் டைரக்டரியோடும் பின்னால் ஏறினாள். பின் இருக்கை சாயாது.

முதல் தடவை வண்டி நின்றபோது மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டாவது தடவை, "மறுபடியுமா?" என்றார். மூன்றாவது தடவை அவரும் இறங்கிவிட்டார்.

"மீட்டர்ல முள்ளு நடுவுலதானே நிக்குது. எங்கே சூடாகுது?"

"இது பழைய வண்டி சார். முள்ளு சொல்றதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சிடும்."

"வண்டி நல்லாத்தான் இருக்கு. உங்களால ஒரேயடியா ஓட்ட முடியல, அதானே விஷயம்? வயசாச்சுன்னா சொல்லிடுங்க. அடுத்த மாசத்துலேருந்து வேற ஆளைப் போட்டுக்கலாம்."

டிரைவர் அண்ணன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "ஆமா சார், கொஞ்சம் வயசுதான்" என்றார், பானெட்டுக்குள் பார்த்தபடி.

போன முகாமில் கருவி வேண்டாம் என்று அடம் பிடித்த பெரியவரிடம் அவள் சொன்னது அவளுக்கே திரும்பிவந்தது. "நீங்க மறைச்சிக்கிறீங்க சரி, பக்கத்துல இருக்கறவங்கதான் கத்திக் கத்தித் தொண்டை வத்திப் போறாங்க." சொல்லும்போது எவ்வளவு சுலபமாக இருந்தது.

"சார், வண்டியும் நல்லாருக்கு, அண்ணனும் நல்லாருக்காரு. சூடாகறது என் இடுப்பு."

மேலாளர் புரியாமல் பார்த்தார். அவள் சொன்னாள், நடந்துகொண்டே. முகம் பார்த்துச் சொல்லத் துணிச்சல் வரவில்லை.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"சொன்னா ஸ்டோர் ரூம்ல இன்னொரு நாற்காலி போட்டுருவீங்க."

அவர் சிரிக்கவில்லை. அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் போல. டிரைவர் அண்ணன் பானெட்டை மூடினார்.

"நல்லா இருந்த வேலையை ஏம்மா நீயே கெடுத்துக்கறே?" என்றார் மெதுவாக.

"உங்க வேலை போனா நான் எந்த வண்டியில போறது அண்ணே?"

மேலாளர் பின் இருக்கைக்கு மாறினார்.

அன்று பத்தொன்பது காதுகளுக்குக் கருவிக்கான அச்சு எடுத்தாள். எல்லாம் நின்றபடியே. மேலாளர் மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தது கருவியையா இடுப்பையா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெயில் இறங்கியதும் திரும்பினார்கள். சாய்மானம் மூன்று பல், துண்டு, டைரக்டரி. பின்னாலிருந்து மேலாளர் பேசினார்.

"மாசம் ஒரு முகாம் நீங்க பண்ணுங்க மேடம். இன்னொண்ணை வேற யாருக்காவது குடுக்கறேன். முழுசா நிறுத்தணும்னுதான் முதல்ல நினைச்சேன்."

"சரி சார்."

பாதி போச்சு என்று வருந்துவதா, பாதி மிஞ்சியது என்று சந்தோஷப்படுவதா? இரண்டுக்கும் சக்தியில்லை. கண்ணை மூடினாள். வலியும் அன்றைக்குக் களைத்துப் போயிருக்க வேண்டும். பல மாதங்களுக்குப் பிறகு காரில் தூக்கம் வந்தது.

"டிரைவர், முக்கால் மணி ஆச்சு. நிறுத்துங்க."

"அசந்து தூங்குதே சார், பாவம்."

"தூங்கினா இடுப்பு சும்மா விடுமா? அவங்கதானே சொன்னாங்க."

பேச்சில் அவள் விழித்துக்கொண்டாள். இன்னும் பத்து நிமிடம் தூங்க விட்டிருக்கலாம். ஆனால் முதன்முதலாக அவள் பெயரைச் சொல்லி நிற்கிற வண்டி. காதக்கா கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

அவள் நாலடி நடப்பதற்குள் பின்னால் பானெட் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் திறந்துவிட்ட டிரைவர் அண்ணன், மூடவும் மனமில்லாமல், ஒரு குறையும் இல்லாத எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார்.